புகையா, பனியா? – மணிமேகலையின் அளவைக் காதையை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஓர் ஊரில் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் ஆலயத்து மோட்டார் அறையிலிருந்த செப்புக் கம்பிகளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "வேறு யார்? உருக்காலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்கள்தாம்" என்றார் ஒருவர். "யாராவது பார்த்தார்களா, அண்ணே?" என்று இளைஞர் ஒருவர் தயங்கிக் கேட்டார். பெரியவர் ஒருவர் சிரித்தபடி, "நெருப்பில்லாமல் புகையுமா, தம்பி?" என்றார். அத்துடன் விசாரணை முடிந்தது. நானும் தலையசைத்தேன். அந்நேரம் மாதா கெபியின் முன் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர் நால்வர் செபமாலையுடன் நின்றிருந்தனர். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரிந்திராது. எங்கள் பார்வை புரிந்திருக்கும்.

அந்தப் பழமொழி என்னை விடவில்லை. புகையைக் கண்டு நெருப்பை உணர்வதே இந்தியத் தருக்க நூல்களின் பழைய முதற்பாடம். அப்பாடத்தைப் பழந்தமிழில் விரித்துரைக்கும் காப்பியம் மணிமேகலை. அதன் இருபத்தொன்பதாவது பகுதியான 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'யை அன்றிரவு மீண்டும் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, அக்காதையைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிவரும் தீர்ப்பும் அவசரத் தீர்ப்போ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தின் பயனே இக்கட்டுரை.

ஒதுக்கப்பட்ட காதை

1898-இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பதவுரையோடு பதிப்பித்த நாள்தொட்டு அந்நூலைப் படித்தோர் பலராயினும், இக்காதையை விரும்பிப் படித்தோர் சிலரே. நாம் போற்றுவன அமுதசுரபியும், ஆதிரையிட்ட பிச்சையும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாறும். கதை காஞ்சிக்கு வந்து, அறவண அடிகள் அளவைகளை உரைக்கத் தொடங்கியதும் ஏட்டை மூடிவிடுகிறோம். கவிதை இங்கே வற்றிவிட்டது என்பர் இலக்கிய அன்பர். ஆராய்ச்சியாளரோ வேறொரு வினாவோடு இங்கு வருவர். இக்காதை 'நியாயப் பிரவேசம்' என்னும் வடமொழிப் பௌத்தத் தருக்க நூலோடு பெரிதும் ஒத்துச் செல்வதால், சாத்தனார் திங்நாகருக்கு முந்தியவரா பிந்தியவரா என்பதே அவர்தம் வினா. ஒரு சாராருக்கு இது தேவையற்ற சுமை. மறுசாராருக்குக் காலக் கணக்கிற்கான சான்று. காப்பியத்தின் உறுப்பாக இதை நோக்கினோர் அரியர்.

எனது கருத்து இதுதான். இக்காதை காப்பியத்தின்மேல் ஒட்டவைத்த பகுதியன்று. தவறான அனுமானம் ஒன்றினால் தந்தையை இழந்த பெண்ணொருத்தி, அனுமானம் எங்கெங்கே தவறும் என்று கற்கும் இடம் இது. இரட்டைக் காப்பியங்களைச் சேர்த்துப் படித்தால் இவ்வுறவு விளங்கும்.

போலிகள் முப்பத்து மூன்று

முதலில் அடிகள் கற்பிப்பது என்ன என்று காண்போம். அறிவுக்கு வழி இரண்டே என்கிறார் அவர்: ஒன்று நேரே காண்டல், மற்றொன்று கருதி உணர்தல். கருதி உணர்வதைச் சொல்லில் வைக்கும்போது அது உறுப்புகளாக அமைகிறது. 'இம்மலை நெருப்புடையது' என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. 'புகையுடைமையால்' என்பது ஏது. 'அடுக்களை போல' என்பது எடுத்துக்காட்டு. ஏது சரியாக இருக்க வேண்டுமாயின் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். புகை இம்மலையில் உண்மையாகவே இருக்க வேண்டும். நெருப்புள்ள அடுக்களை போன்ற இடத்தில் காணப்பட வேண்டும். நெருப்பில்லாத நீர்நிலை போன்ற இடத்தில் காணப்படாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அது ஏதுவன்று, ஏதுப்போலி.

'போலி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்கிறோமே, அதே சொல். உண்மையான ஏதுவின் தோற்றத்தோடு வந்து நம்மை ஏமாற்றுவது அது. அடிகள் பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலியின் மூவகையில் பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து என முப்பத்து மூன்றை எடுத்துரைக்கிறார். அத்தனையையும் இங்கே விரித்தல் வேண்டா. நம் முற்றத்துப் பேச்சுக்கு வேண்டியது ஒன்று உண்டு. அதன் பெயர் சித்தாசித்தம். தொலைவில் தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கும்போதே, அதைப் புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது அப்போலி.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மார்கழி விடியலில் மின்தொடர் வண்டியில் வருபவர்க்கு இது கண்கூடு. மீஞ்சூர், பொன்னேரி வயல்களின்மேல் பனி படர்ந்திருக்கும். ஆலைகளின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து நீராவி எழும். உலைகளின் புகைபோக்கியிலிருந்து புகையும் எழும். தொலைவில் மூன்றும் ஒரே வெண்மை. நெருப்பில்லாமல் புகையாது என்பது உண்மையே. பழமொழியில் பிழையில்லை. ஆனால் நாம் கண்டது புகைதானா? அன்று முற்றத்தில் எங்களிடம் இருந்தது வதந்தி ஒன்றே. வதந்தியைப் புகை என்று பெயரிட்டதும் நெருப்புத் தானே வந்து சேர்ந்துவிட்டது. பெயரிட்டது நாங்கள்தாம்.

திருப்பிப் போடும் பிழை

மேலைநாட்டில் அரிஸ்டாட்டில் இதே நிலத்தை வேறு கலப்பையால் உழுதார். ஒரு வகையை மற்றொரு வகையோடு சேர்த்துச் சொல்லும் வாக்கியங்களை அவர் நான்காக வகுத்தார். 'எல்லாப் புகையும் நெருப்பின் விளைவு' என்பது முழு உடன்பாடு. 'எந்தப் பனியும் நெருப்பின் விளைவன்று' என்பது முழு எதிர்மறை. 'சில நெருப்புகள் புகைவன', 'சில நெருப்புகள் புகைவன அல்ல' என்பன பகுதி உடன்பாடும் பகுதி எதிர்மறையும் ஆகும். நடுவிலுள்ள இரண்டையும் முன்பின்னாகத் திருப்பினாலும் உண்மை கெடாது. எந்தப் பனியும் நெருப்பின் விளைவன்று எனில், நெருப்பின் விளைவு எதுவும் பனியன்று. முதலாவதையும் நான்காவதையும் அவ்வாறு திருப்ப இயலாது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்பதால், நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்று ஆகிவிடாது. வடமொழித் தருக்க நூலார் இதற்குப் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டை எடுத்துக்காட்டுவர். அதில் நெருப்புண்டு, புகையில்லை. எங்கள் பகுதியின் உருட்டாலைகளில் செந்தழலாக ஓடும் இரும்பை நாள்தோறும் காண்பவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று.

நம் அன்றாடப் பிழைகளுட் பெரும்பாலானவை இத்திருப்பலில் பிறப்பன. 'திருடியவருட் பலர் வெளியூரார்' என்பது ஓரிடத்தில் மெய்யாகவே இருக்கட்டும். அதிலிருந்து 'வெளியூராருட் பலர் திருடர்' என்பது எவ்வாறு பெறப்படும்? முன்னது சிறு கூட்டத்தைப் பற்றிய செய்தி. பின்னது பல்லாயிரவர்மேல் சுமத்திய பழி.

சிலம்பு செய்த பிழை

இனிச் சிலப்பதிகாரத்திற்கு வருவோம். பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், கோவலன் விற்கவந்த சிலம்பைக் கண்டு அரசனிடம் ஓடுகிறான். அவன் அரசனுக்குக் காட்டிய வழியை வாக்கியங்களாகக் கோத்தால் இப்படி அமையும்: தேவியின் சிலம்பு இத்தகைய வேலைப்பாடு உடையது, இவன் கையிலுள்ளதும் இத்தகைய வேலைப்பாடு உடையது, ஆகவே இவன் கையிலுள்ளது தேவியின் சிலம்பு. செவிக்கு இது தருக்கம்போல் ஒலிக்கிறது. ஆனால் இரு கூற்றுகளையும் இணைக்கும் நடுப்பதம் 'இத்தகைய வேலைப்பாடு உடையவை' என்பது. அவ்வகையின் எல்லாச் சிலம்புகளையும் பற்றி இவ்விரு கூற்றுகளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அது இணைப்பதில்லை. மாட்டுக்கும் நான்கு கால், மேசைக்கும் நான்கு கால், எனவே மேசை மாடு என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அரசன் ஆராயவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பது அவன் ஆணை. 'இருக்குமாயின்' என்ற நிபந்தனை அதில் உண்டு. ஆயினும் 'கள்வன்' என்ற முடிவு நிபந்தனைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. நிறுவ வேண்டியதை நிறுவியதாகவே வைத்துப் பேசும் போலி இது.

இதைவிடக் கொடியது அடுத்த காட்சி. காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன்போல் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ நகைத்து, கள்வர்க்குரிய தந்திரங்களை நூல்வழி அடுக்கிக் காட்டுகிறான். கள்வன்போல் தோன்றினால் கள்வன். தோன்றாவிட்டால் கைதேர்ந்த கள்வன். எந்தச் சான்று வந்தாலும் குற்றத்தையே காட்டுமாயின், அது சான்றே அன்று. இறுதியில் கல்லாத காவலன் ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான்.

கண்ணகி மன்னன் அவையில் செய்தது என்ன? நாம் அவளுடைய சினத்தைப் பாடுகிறோம். அவளுடைய தருக்கத்தைக் கவனிப்பதில்லை. தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்று மன்னன் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பின்பு அதை உடைக்கிறாள். தேவியின் சிலம்பு முத்துப்பரல் உடையது; இச்சிலம்பு முத்துப்பரல் உடையதன்று; எனவே இச்சிலம்பு தேவியுடையதன்று. அரிஸ்டாட்டிலும் குறைகாண இயலாத வாதம் இது. இவ்வாறே எங்கள் பகுதி ஆலைகளில் கட்டுமானக் கம்பியின் தரத்தை அதன் பளபளப்பைக் கண்டு சொல்வதில்லை. அறும்வரை இழுத்துப் பார்த்தே சொல்கின்றனர். உடைத்துப் பார்த்த பிறகே கண்ணகியின் சொல் அவையில் நின்றது. அதற்குள் கோவலன் இறந்துவிட்டான்.

அந்தக் கோவலனின் மகளே மணிமேகலை. அவளும் போலித் தருக்கங்களுக்கு நடுவில்தான் வளர்கிறாள். கணிகையின் மகள் கணிகையே என்பது ஊரார் முடிவு. உதயகுமாரனும் அம்முடிவோடு அவளைத் தொடர்கிறான். அவனுக்கு அஞ்சிக் காயசண்டிகையின் உருவத்தை அவள் கொள்ள, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணிவிடுகிறான். உதயகுமாரனோடு அவள் பேசுவதைக் கண்டவன் வேறொன்றும் வினவவில்லை. வாளால் இளவரசனை வெட்டுகிறான். உருவம் ஒன்றாயின் ஆளும் ஒன்றே என்பது அவன் ஏது. தாய்க் காப்பியத்தில் ஒத்த தோற்றமுடைய சிலம்பு. மகள் காப்பியத்தில் ஒத்த தோற்றமுடைய பெண். இரண்டிலும் ஒப்புமையை ஒருமையாகக் கொண்டதன் விலை ஓர் உயிர்.

இத்தனைக்கும் பின்னரே மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளின்முன் அமர்ந்து, போலி இத்தனை வகைப்படும் என்று கேட்கிறாள். அதை வறண்ட பாடம் என்று எவ்வாறு ஒதுக்குவது?

சாத்தனாரிடம் ஒரு குறை

எனினும் காதையின் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் கூறிய இவ்வுறவைச் சாத்தனார் வெளிப்படையாக எங்கும் கூறவில்லை. அடிகள் போலிகளுக்குத் தரும் எடுத்துக்காட்டுகளுட் பெரும்பாலானவை ஒலி நிலையானதா, நிலையற்றதா என்ற பழைய பள்ளிச் சண்டையிலிருந்து எடுத்தவை. வடமொழிக் கலைச்சொற்கள் ஓசை மட்டும் மாறித் தமிழ் யாப்புக்குள் அடைபட்டுள்ளன. சிலம்பும் வாளும் கையிலிருக்க, ஒலியையும் குடத்தையும் ஏன் தேடிப் போக வேண்டும்? 'உன் தந்தை கொல்லப்பட்டது இந்தப் போலியால்' என்று அடிகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தமிழ்க் காப்பியங்களிலேயே உள்ளத்தை உலுக்கும் காதையாக இது நின்றிருக்கும். சாத்தனார் தம் சமயத்துக்கு நூல் செய்தார். தம் கதைக்கு அதைப் பொருத்திக் காட்ட மறந்தார். அப்பொருத்தத்தைக் காணும் பொறுப்பு படிப்பவர்மேல் விழுகிறது. நாமோ ஏட்டை மூடிவிட்டோம்.

சிலோவாமில் இரு பாடங்கள்

சாத்தனார் செய்யாததை யோவான் செய்திருக்கிறார். அவருடைய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம், கதையாகவே அமைந்த தருக்கப் பாடம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர், பாவம் செய்தவர் இவரா, இவர் பெற்றோரா என்று கேட்கின்றனர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்னும் பொறி அது. துன்பமெல்லாம் பாவத்தின் விளைவு என்ற கூற்று சொல்லாமலே அதில் மறைந்து கிடக்கிறது. இயேசு இரண்டையும் தள்ளுகிறார். மனிதர் சிலோவாம் குளத்தில் கண்களைக் கழுவிப் பார்வை பெறுகிறார்.

பின்பு பரிசேயர் வாதம். கடவுளிடமிருந்து வருபவர் எவரும் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பர், இவர் கடைப்பிடிப்பதில்லை, ஆகவே இவர் கடவுளிடமிருந்து வந்தவரல்லர். வடிவத்தில் இது கண்ணகியின் வாதத்தைப் போன்றதே, வடிவத்தில் பழுதில்லை. பழுது இரண்டாம் கூற்றில். சேறு உண்டாக்கி நலமளித்தது ஓய்வுநாளை மீறியதாகும் என்பதை எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. ஒரு தரப்பு மட்டும் ஏற்கும் ஏதுவை அறவண அடிகள் அன்னியதராசித்தம் என்பார். வடிவம் சரியாயிருந்தால் மட்டும் முடிவு உண்மையாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க இயலாது.

பார்வை பெற்றவரோ எழுத்தறியாதவராகவே இருக்கக்கூடும். ஆயினும் அவர் தம் வாதத்தைப் படிப்படியாக வைக்கிறார்: பாவிகளுக்குக் கடவுள் செவிசாய்ப்பதில்லை; இவருக்குச் செவிசாய்த்தார்; ஆகவே இவர் பாவியல்லர். பரிசேயரிடம் பதில் இல்லை. பாவத்திலேயே பிறந்தவன் எங்களுக்குக் கற்பிப்பதா என்று ஆளைப் பழித்து, அவரை வெளியே தள்ளுகின்றனர். சொல்லுக்கு விடையில்லாதபோது சொல்பவரைத் தாக்குவது எல்லாக் காலத்திலும் உள்ள வழக்கம்.

இங்கே புனித அகுஸ்தீனார் செய்த ஒரு செயலை நாம் மறத்தலாகாது. அம்மனிதர் நம் தரப்பினர். அவருடைய முடிவும் நமக்கு உவப்பானது. ஆயினும், கடவுள் பாவிகளுக்கும் செவிசாய்க்கிறார் என்று கூறி அகுஸ்தீனார் அவருடைய முதற்கூற்றைத் திருத்துகிறார். ஆலயத்தில் மார்பில் அறைந்துகொண்டு வேண்டிய வரிதண்டுபவர் அதற்குச் சான்று. தனக்கு வேண்டிய முடிவைத் தருகிறது என்பதற்காகப் பழுதுள்ள ஏதுவை விட்டுவைக்காமை அறிவின் நேர்மை. எதிரியின் போலியைப் பிடிப்பது எளிது. நம்மவர் போலியைப் பிடிக்கும்போதுதான் நாம் உண்மையின் பக்கம் நிற்கிறோமா என்பது தெரியும்.

அதே சிலோவாமில்தான் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் மற்ற எருசலேம் வாசிகளைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசு கேட்டதை லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். தருக்க நூல் ஒன்றின் ஆசிரியரென நெடுங்காலம் கருதப்பட்ட திருத்தந்தை இருபத்தொன்றாம் யோவானும் 1277-இல் வித்தெர்போ நகரில் தம் அறையின் கூரை இடிந்து விழுந்தே இறந்தார். கூரை ஒருவருடைய பாவத்தைக் கணக்கிட்டு விழுவதில்லை. தொழிற்சாலைகள் சூழ்ந்த நமக்கு இப்பாடம் அண்மையது. ஓர் ஆலையில் தொழிலாளி உயரத்திலிருந்து விழுந்தார் என்றதும் நாம் சொல்வது என்ன? குடித்திருப்பான் என்கிறோம். குடித்தவன் தவறி விழுவான் என்பதால், விழுந்தவன் குடித்தவன் ஆகிவிடுவானா? சாரத்தின் கட்டுத் தளர்ந்திருக்கலாம்; பாதுகாப்புப் பட்டை இல்லாதிருக்கலாம்; இரட்டைப் பணிநேரத்தால் உடல் சோர்ந்திருக்கலாம். ஒரு விளைவுக்குக் காரணம் பல. அவற்றுள் இறந்தவரைக் குற்றப்படுத்துவதையே நாம் தேர்ந்தால், உயிரோடிருப்பவர் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. போலித் தருக்கம் சில நேரங்களில் வசதியான தருக்கமும்கூட.

மீண்டும் முற்றத்தில்

2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று காணொளிகள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றை ஒட்டிக்காட்டிய பொய் அது என்று தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை இங்கு அனுப்பி நிலையை அறிந்தது. அதற்குள் அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர்திரும்ப இரயில் ஏறினர். தமிழரெல்லாம் கொலைஞர் என்று அங்கே சிலர் நம்பியதைக் கேட்டு நாம் வருந்தினோம். அவர்கள் செய்த பிழையும் நாம் முற்றத்தில் செய்த பிழையும் ஒன்றே. அங்கே நாம் 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் அடைக்கப்பட்டோம். இங்கே நாம் மற்றவரை அடைக்கிறோம்.

நம் மறையில் இப்பிழைக்குத் தருக்கப் பெயர் மட்டுமன்று, அறப்பெயரும் உண்டு. போதிய ஆதாரமின்றிப் பிறருடைய குற்றத்தை உண்மையென மனத்துக்குள் ஏற்பதே அவசரத் தீர்ப்பு என்னும் பாவம் என்கிறது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். எட்டாம் கட்டளையின்கீழ் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஐயமுள்ள இடத்தில் நல்லதையே கொள்க என்பார் புனித தோமா அக்குவினார். கெட்டவனை நல்லவனென எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவனென எண்ணிச் சிலமுறை பிழைப்பதைவிட மேல் என்பது அவர் கருத்து. கம்பி போனது உண்மை. காவலுக்கு ஆள் வைப்பதும் காவல்நிலையத்தில் முறையிடுவதும் முறையே. அறியாததை அறிந்ததாகச் சொல்வதுதான் பொய்ச்சான்று.

கம்பியை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அந்த நான்கு இளைஞர்கள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "பார்த்தீர்களா? குற்றமுள்ள நெஞ்சு" என்றார் அன்று பேசியவர். வந்திருந்தால் துணிச்சல் என்றிருப்பார். பொற்கொல்லன் குரல் எனக்குக் கேட்டது. இம்முறை நான் தலையசைக்கவில்லை. "நமக்குத் தெரியாது, ஐயா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்பு சொல்லியிருக்க வேண்டிய சொல்தான் அது. நான் சொன்னபோது கெபியின் முன் யாரும் இல்லை.